ஆமை நடைக் குழுவை முன்னின்று நடத்துவது எப்படி: அக்டோபர் முதல் ஜூன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி மாதம் முதல் சனிக்கிழமை "ஆமை நடைக்கு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் நாற்பது பேர் வந்து நிற்பார்கள். கடலாமைகள் இரவில் கரையேறி இட்ட முட்டைக் கூடுகளைத் தேடி நடப்பதுதான் ஆமை நடை; ஆபத்தில் இருக்கும் முட்டைகளை எடுத்துவந்து குழிகளில் புதைத்துக் காக்கும் வேலியிட்ட இடம் பொரிப்பகம். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை இரவு, மறுநாள் எல்லோருக்கும் ஆபீஸோ பரீட்சையோ இருக்கும்போது, பொரிப்பகத்தில் நான்கு குழிகள் பொரியும் நாளைத் தொட்டிருக்கும்போது, யார் வருவார்கள்? அந்த இரவுக்கு ஆள் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு தன்னார்வக் குழுவின் தலைமையை நான் எடைபோடுவேன்.

சென்னைக்குத் தெற்கே ஒரு கரையில் ஒன்பது சீசனாக நடக்கிறேன். அதில் நான்கு சீசன் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. பகலில் வேறு வேலை. இதற்குச் சம்பளம் எனக்கும் கிடையாது, குழுவில் வேறு யாருக்கும் கிடையாது. சம்பளம் தராத இடத்தில் யாரையும் அதட்டி வேலை வாங்க முடியாது. வந்தவரை மறுபடி வரவைக்கத்தான் முடியும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு சீசன் மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன். ஏரி, பறவை, காடு என்று எதைக் காக்கும் குழுவாக இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

சென்னைக் கரையில் ஆமை நடை 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1988-இல் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள்; இன்றும் அது நடந்துகொண்டிருக்கிறது. ஒரு மாணவர் மூன்று வருடத்தில் படிப்பை முடித்து எங்கேயோ போய்விடுவார். அப்படிப் போய்க்கொண்டே இருக்கிறவர்களை வைத்து ஓர் அமைப்பு 35 ஆண்டுகளுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது? ஒவ்வொரு சீசனிலும் தெரிந்தவர் தெரியாதவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். நான் பார்த்த வரை இதுதான் பதில். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

படி 1: பொறுப்பை ஏற்கும் முன் ஒரு சீசன் முழுவதும் நடங்கள்

ஆர்வமாகப் பேசுகிறார், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார் என்று புதியவரின் தலையில் பொறுப்பைக் கட்டும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு முழு சீசன் சாதாரணத் தன்னார்வலராக நடந்து, பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்தெந்த வேலை ஒரே ஒருவரை நம்பி ஓடுகிறது?

எங்கள் குழுவில் பொரிப்பகப் பூட்டின் சாவி, வங்கிக் காசோலைப் புத்தகம், வனச்சரக அலுவலகத்தில் யாரிடம் பேச வேண்டும் என்கிற விவரம், மூன்றும் ஒருவரிடம் இருந்தன. அருமையான மனிதர். ஒரு பிப்ரவரியில் வேறு ஊரில் வேலை கிடைத்து இரண்டு நாளில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அடுத்த பத்து நாள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர்மேல் தப்பில்லை. எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தது நாங்கள்தான்.

படி 2: காகிதங்களை மேசைமேல் பரப்புங்கள் (அக்டோபர்)

பொறுப்பேற்றதும் கடற்கரைக்குப் போக மனசு பறக்கும். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காகிதங்களைப் பாருங்கள்.

குழு பதிவாகியிருக்கிறதா? தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிய 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அறக்கட்டளையாகவும் பதியலாம், அது சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரத்தோடு முடியும். என்னைக் கேட்டால் தன்னார்வலர்களால் ஓடும் குழுவுக்குச் சங்கம்தான் சரி. அறக்கட்டளையில் அறங்காவலர்கள் அப்படியே தொடர்ந்து இருந்துவிடலாம். சங்கத்தில் செயற்குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு கூட்டியாக வேண்டும், தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். தொந்தரவாகத் தெரியும். ஆனால் பொறுப்பு கைமாறுவதற்கு அந்தத் தொந்தரவுதான் வழி செய்கிறது.

பதிவே இல்லாமல் பத்துப் பேராக நடக்கும் குழு என்றால் அவசரப்பட வேண்டாம். பதிவுள்ள பழைய குழு ஒன்றின்கீழ் ஒரு சீசன் வேலை செய்து பாருங்கள்.

வங்கிக் கணக்கில் மூன்று பேர் பெயர் இருக்கட்டும். அவர்களில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் பணம் எடுக்க முடிய வேண்டும். பூட்டுக்கு மூன்று சாவி. மின்னஞ்சல் கடவுச்சொல் இருவருக்காவது தெரிய வேண்டும். இவ்வளவையும் அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

படி 3: அனுமதி இல்லாமல் ஒரு முட்டையைக்கூடத் தொடக் கூடாது

இதில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. முட்டை, குஞ்சு, ஓடு எதையும் அனுமதியில்லாமல் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம்; 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. "காப்பாற்றத்தான் சார் எடுத்தோம்" என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

ஆகவே அக்டோபரிலேயே வனத்துறைக்குக் கடிதம் போய்விட வேண்டும். எந்தக் கரை, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், பொரிப்பகம் எந்த இடத்தில், பொறுப்பாளர் யார், போன சீசனில் எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு. கடைசி மூன்றும்தான் கடிதத்தின் உயிர். போன வருடக் கணக்கை ஒழுங்காகக் கொடுத்த குழுவை அதிகாரிகள் நம்புகிறார்கள். அதிகாரி மாறுவார், கோப்பு மாறாது. ஒவ்வொரு கடிதத்தின் நகலிலும் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே மாதத்தில் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம்: சீசன் மாதங்களில் கரையோர உயர்கோபுர விளக்குகளை இரவு 11 மணிக்கு மேல் அணைக்கக் கேட்டு. குஞ்சுகள் மணலைவிட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடலின் வானவிளிம்பு. நம் ஊரில் அது சாலை விளக்கு.

படி 4: குப்பத்துக்குப் போய் உட்காருங்கள்

வனத்துறை அனுமதி கையில் இருந்தாலும் அந்தக் கரை மீனவர்களின் வாசல். மீனவப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் அங்கே ஒரு கம்பு நடக்கூடாது என்பது என் கருத்து. நவம்பரிலேயே போங்கள். பேனர், போட்டோ எதுவும் வேண்டாம். இரண்டு பேர் போனால் போதும், அதில் ஒருவர் ஏற்கெனவே அந்தக் குப்பத்துக்குத் தெரிந்தவராக இருக்கட்டும்.

நான் முதல்முறை போனபோது வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கை நிற்காமலே கேட்டார்: "நீங்க முட்டைய எடுத்துட்டுப் போறீங்க. எங்க வலையில ஆமை மாட்டுனா வலைய அறுத்துத்தான் வெளிய விடணும். அந்த வலைக்கு யாரு தம்பி காசு குடுப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அடுத்த வாரம் மறுபடி போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். மூன்றாவது முறை அவரே டீ வாங்கிக் கொடுத்தார். அந்த சீசனில் எங்களுக்கு முன்பே விடிகாலையில் ஆமைத் தடம் பார்த்து போன் செய்தவர்களில் முதல் ஆள் அவர்தான். இரவில் படகு தள்ளப் போகிறவர்களும் கரைவலை இழுப்பவர்களும் கரையில் நம்மைவிட அதிக நேரம் இருக்கிறார்கள். கடல் எப்போது கொந்தளிக்கும், எந்த இடத்தில் மணல் அரித்துக்கொண்டு போகும், எங்கே பொரிப்பகம் போட்டால் அலை ஏறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பொரிப்பகத்தின் இடத்தை ஒவ்வொரு வருடமும் அவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம். ஒரே ஒரு வருடம் கேட்காமல் வைத்தோம். பிப்ரவரியில் ஒரு பௌர்ணமி இரவு வேலி ஓரம்வரை தண்ணீர் வந்து நின்றது.

பொரிப்பகக் காவலுக்கு யாருக்காவது கூலி கொடுக்க முடியும் என்றால் முதலில் குப்பத்து இளைஞர்களைக் கேளுங்கள். தன்னார்வலர் இலவசமாக உழைப்பது அவர் விருப்பம். மீன்பிடித்துப் பிழைக்கும் வீட்டுப் பையனிடம் அதே இலவசத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படி 5: வருகிறவர்களை மூன்று வட்டமாகப் பாருங்கள் (டிசம்பர்)

முதல் வட்டம், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். குடும்பமாக வருவார்கள், குழந்தை குஞ்சைப் பார்த்துக் கண் விரியும். இவர்களைக் குறைவாக எண்ணாதீர்கள். நன்கொடையும் நல்ல பெயரும் இவர்களால்தான் வருகின்றன. ஆனால் வாரத்தில் ஒரு இரவு மட்டும், ஒரு வழிகாட்டிக்கு 15 பேருக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெருத்தால் ஆமை கரையேறாமலே திரும்பிவிடும்.

இரண்டாவது வட்டம், வாரம் ஒரு இரவு என்று சீசன் முழுக்க வருகிறவர்கள். குழுவின் உடம்பு இதுதான். இவர்களுக்கு டிசம்பரில் ஒரு நாள் பயிற்சி. காலையில் வகுப்பு, மாலையில் கரையில் வெறும் மணலில் குழி தோண்டிப் பழகுவது. அன்றே கிழமையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "முடிந்தபோது வருகிறேன்" என்பவரை அன்போடு முதல் வட்டத்தில் வையுங்கள். அட்டவணையில் பெயர் எழுதியவர்தான் இரண்டாவது வட்டம்.

மூன்றாவது வட்டம் ஏழு பேர். ஒவ்வொரு கிழமைக்கும் ஒருவர் பொறுப்பு. செவ்வாய் இரவு என்ன நடந்தாலும் முடிவெடுக்கிறவர் செவ்வாயின் பொறுப்பாளர்தான், ஒருங்கிணைப்பாளர் அல்ல. இரவு 3 மணிக்கு உங்களுக்குப் போன் செய்து "இந்தக் கூட்டை எடுக்கலாமா?" என்று கேட்கிறார்களென்றால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று நோட்டில் எழுதட்டும். தப்பாக இருந்தால் ஞாயிறன்று தனியாகப் பேசிக்கொள்ளலாம். எல்லோர் முன்னிலும் திருத்தினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

பாதுகாப்பு விதிகளில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. கிளம்பும்போதும் முடிக்கும்போதும் தலையெண்ணிக்கை. யாரும் தனியாக நடக்கக் கூடாது. கடலில் கால்வைக்கக் கூடாது. சென்னைக் கரை ஒரே எட்டில் ஆழமாகும் இடங்கள் உள்ள கரை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யாராவது கூட வர வேண்டும். அப்புறம், இரவு வேலையில் பெண்கள் இருக்கும் குழுவில் புகார் சொல்ல ஒரு வழி கட்டாயம் வேண்டும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஊதியமில்லாமல் வேலை செய்கிறவரையும் கணக்கில் எடுக்கிறது. யாரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேர் பெயரைப் பயிற்சி நாளிலேயே எல்லோருக்கும் கொடுங்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒருங்கிணைப்பாளர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டாம், ஏனென்றால் புகார் அவரைப் பற்றியும் வரலாம்.

படி 6: நடையும் நோட்டும் (ஜனவரி முதல் மார்ச் வரை)

இரவு 12 மணிக்கு மேல் தண்ணீர் விளிம்பை ஒட்டி நடக்கிறோம். ஆமை எங்கே ஏறினாலும் அந்த விளிம்பைத் தாண்டித்தானே வர வேண்டும், தடம் தவறாது. வெள்ளை டார்ச் கூடாது, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியது மட்டும். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றிப் போடுவதால் தடத்தின் இரண்டு பக்கமும் கோடுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விழும். ஏறிய தடம் மட்டும் இருந்து இறங்கிய தடம் இல்லையென்றால் அம்மா இன்னும் கரையில்தான் இருக்கிறாள். அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். குழி தோண்டும் முன் அவளைக் கலைத்தால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடுவாள்.

அவள் போன பிறகு கூட்டைக் கண்டுபிடிப்பதுதான் நுட்பமான வேலை. முட்டையிட்டு மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கிவிட்டு, மேலே மணலை வாரித் தூவிவிட்டுப் போயிருப்பாள். சுற்றிலும் கலைந்த மணல். மெல்லிய கம்பியைச் செங்குத்தாக, விரல் பலத்தில் மட்டும் இறக்கிப் பார்ப்போம். இறுகிய மணலில் கம்பி நிற்கும். கூட்டின் கழுத்துக்கு மேல் வந்ததும் சட்டென்று ஒரு விரல்கடை உள்ளே வழுக்கும். அந்த வழுக்கல் கையில் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். என் முதல் சீசனில் நான் நிறுத்தவில்லை. சரியான இடம்தானா என்று உறுதி செய்ய இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வெளியே எடுத்தபோது கம்பி நுனியில் மஞ்சள் கரு. பக்கத்தில் இருந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கம்பியை வாங்கித் துடைத்துவிட்டு, என் கையைத் தன் கைமேல் வைத்து மறுபடி இறக்கிக் காட்டினார். அந்த விரல்கடை வித்தியாசத்தை வாயால் சொல்லித்தர முடியாது. அதனால்தான் எங்கள் குழுவில் ஒரு சீசன் முடிக்காதவர் கையில் கம்பி கொடுப்பதில்லை, கொடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் முழங்காலிட்டு இருப்பார்.

பிறகு வெறும் கையால் தோண்டுவது. ஒன்றரை அடி ஆழத்தில், பிங்பாங் பந்து அளவில், ஈரமாக, லேசாக அமுங்குகிற தோலோடு முதல் முட்டை விரலில் படும். பெரும்பாலும் நூறுக்குக் கொஞ்சம் மேலோ கீழோ இருக்கும். உருட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. இட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டத் தொடங்கும், அதற்குப்பின் திருப்பினால் செத்துவிடும். எனவே இரவோடு இரவாகப் பொரிப்பகத்துக்குப் போய்விட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எல்லாக் கூட்டையும் எடுக்க வேண்டும் என்பதில்லை. விளக்கும் நாயும் ஆள் நடமாட்டமும் இல்லாத கரையில் ஆமை இட்ட இடமே நல்ல இடம். பொரிப்பகம் ஆபத்துக்கு மட்டும். குஞ்சு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆசையில் இதை மறக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் எடுக்க, ஒருவர் வாய்விட்டு எண்ண, ஒருவர் எழுத வேண்டும். தேதி, நேரம், இடம், அலைவிளிம்பிலிருந்து தூரம், குழியின் ஆழம், அகலம், முட்டை எண்ணிக்கை, உடைந்தவை, பொரிப்பகக் குழி எண், யார் கண்டுபிடித்தார். யார் கண்டுபிடித்தார் என்கிற கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். முதல்முறை வந்த பெண் கண்டுபிடித்த கூட்டுக்கு நேராக அவள் பெயர் எழுதப்படுவதை அவள் பார்ப்பாள். அடுத்த வாரமும் வருவாள்.

செயலியில் பதியலாம், பதியுங்கள். ஆனால் நோட்டு இருக்கட்டும், பென்சிலால் எழுதுங்கள். ஒரு வருடம் பேனாவால் எழுதிய நோட்டின்மேல் அலை தெறித்து ஜனவரி பாதி கரைந்துபோயிற்று. அதன்பின் நோட்டு பிளாஸ்டிக் உறையில், தினமும் காலை பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் அனுப்பிவிடுகிறோம்.

படி 7: பொரிப்பக இரவுகளுக்கு அட்டவணை போடுங்கள்

குழியைக் கூட்டின் அளவிலேயே தோண்ட வேண்டும். கழுத்து குறுகி வயிறு அகன்ற குடம்போல. மணலில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டுச் சுரண்டினால்தான் அந்த வடிவம் வரும். குழிக்கும் குழிக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி. போன வருட மணலில் மறுபடி வைக்காமல் இடத்தை மாற்றுங்கள்.

சுமார் 45 நாளிலிருந்து எந்த இரவும் பொரியலாம். அன்றிலிருந்து குழிமேல் கூடை கவிழ்த்து, அரைமணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கூடைக்குள்ளேயே மோதிக்கொண்டு கிடந்தால் நீந்த வேண்டிய பலத்தைக் குஞ்சு அங்கேயே செலவழித்துவிடும். மணலில் சில மீட்டராவது அது தானாக ஊர்ந்து போகட்டும். நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். ஏப்ரல் வெயிலில் மேலே நிழல்வலை தேவைப்படும். மணலின் சூட்டை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ரொம்பக் கூடினால் முட்டையே வெந்துவிடும். ஆகவே நிழல் எப்போது போடுவது என்று வெப்பமானி பார்த்து வனத்துறை உயிரியலாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஆட்களுக்கு வருவோம். இரவு 10 முதல் 2 வரை இருவர், 2 முதல் 6 வரை இருவர். எப்போதும் இருவர்தான், ஒருவர் புதியவர், ஒருவர் பழையவர். பின்னிரவுக் காவலுக்கு யாரும் கேட்காமல் ஒரு பிளாஸ்க் டீ ஏற்பாடு செய்யுங்கள். பிளாஸ்க்கை நிரப்புவது யார் என்பதும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

படி 8: களைப்பும் சண்டையும்

மார்ச் மூன்றாம் வாரத்தில் சண்டை வரும். யார் அதிகம் நடந்தார், பத்திரிகையில் யார் பெயர் வந்தது, குஞ்சோடு படமெடுத்துப் போட்டது யார் என்று ஏதோ ஒன்றில் ஆரம்பிக்கும். முக்கால்வாசி தூக்கமின்மை. ஒருவர் வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் நடக்கக் கூடாது என்று விதி வையுங்கள், முதலில் நீங்களே அதைக் கடைப்பிடியுங்கள். ஏழு இரவும் நடக்கும் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து மற்றவர்கள் வியப்பார்கள், அப்புறம் "அவர்தான் இருக்கிறாரே" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். எனக்கு நடந்தது இது.

பத்திரிகையாளர் வந்தால் நீங்கள் பேசாதீர்கள். அந்தக் கிழமையின் பொறுப்பாளரும் தடம் காட்டிய மீனவரும் பேசட்டும்.

படி 9: பணம்

சின்னக் குழுவுக்குப் பெரிய பணம் வேண்டாம். வேலிக்குச் சவுக்குக் கம்பு, வலை, கூடை, டார்ச், காவல் கூலி, டீ. ஆனால் ஒரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும், மாதம் ஒருமுறை கணக்கு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி வர வேண்டும்.

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரித்துறையில் உரிய பதிவுகள் (12ஏ, 80ஜி என்று சொல்லிவந்தவை) தேவை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். நன்கொடை விவர அறிக்கையை மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். சீசன் முடிந்து எல்லோரும் தூங்குகிற மாதம் அது, ஆடிட்டரிடம் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு தேவை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் ஆசையாக அனுப்பும் பத்தாயிரம் ரூபாய்கூட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் வரும். அதற்கான பதிவு இல்லாமல் வாங்கவே கூடாது.

படி 10: செத்த ஆமைகளுக்கும் தயாராக இருங்கள்

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே விசாரணைக்கு எடுத்தது. கூடு தேடி நடந்த இளைஞர்கள் கூட்டுக்குப் பதிலாகப் பிணங்களை எண்ணினார்கள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. விசைப்படகுகள் இழுத்துக்கொண்டு போகும் பெரிய வலையான இழுவை மடியில் மாட்டி மணிக்கணக்கில் மேலே வர முடியாமல் போனால் கடலிலேயே மூழ்கிச் சாகும். கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடக்கும் உடல்களைப் பார்த்தால் அது தெரியும்.

அந்த மாதிரி நாட்களில் செய்ய வேண்டியது: ஓட்டின் நீள அகலம் அளந்து, வாலைப் பார்த்து (ஆணுக்கு நீளமாக இருக்கும்) ஆணா பெண்ணா எழுதி, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, படமெடுத்து, மறுபடி எண்ணாமலிருக்க ஓட்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். உடற்கூறாய்வு கால்நடை மருத்துவரின் வேலை. புதைப்பதை வனத்துறையோடு சேர்ந்து செய்யுங்கள்.

கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் "மீனவர்கள் கொன்றுவிட்டார்கள்" என்று யாரும் எழுத விடாதீர்கள். தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை மடி போடக் கூடாது. அந்த விதி மீறப்படும்போது ஆமையும் சாகிறது, நாட்டுப்படகுக்காரரின் மீனும் வலையும் போகின்றன. நான்காம் படியில் சொன்ன பெரியவர் அந்த ஜனவரியில் எங்களோடு கரையில் நின்று, ஒவ்வொரு உடலும் எந்த நீரோட்டத்தில் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் கொடுத்த மனுவில் அவர் சொன்னதும் இருந்தது, அவர்கள் பஞ்சாயத்தின் கையெழுத்தும் இருந்தது. எண்களோடு, மீனவர் கையெழுத்தோடு போகும் மனுவை அதிகாரிகள் ஓரமாக வைத்துவிட முடிவதில்லை.

பிணம் எண்ணும் வேலையை ஒரே ஆளுக்குத் தொடர்ந்து கொடுக்காதீர்கள். இரண்டு நாள் எண்ணியவரை மூன்றாம் நாள் பொரிப்பகத்துக்கு அனுப்புங்கள். குஞ்சு வரும் குழியின் பக்கத்தில் உட்காரட்டும்.

படி 11: மே, ஜூன், கைமாற்றம்

கடைசிக் குழியும் பொரிந்து, வெறும் ஓடுகளை எண்ணி முடித்து, வேலியைப் பிரித்த பிறகு ஒரு கூட்டம். குப்பத்திலேயே, மீனவர்களையும் அழைத்து. இந்த வருடக் கணக்கைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுங்கள். பொரியாத குழிகளையும் சேர்த்துத்தான்.

அடுத்த ஒருங்கிணைப்பாளரை ஜூனில் தேடாதீர்கள். ஜனவரியிலேயே மனதில் இருக்க வேண்டும். அந்த சீசன் முழுக்க வனத்துறைக்குப் போகும்போதும், குப்பத்தில் உட்காரும்போதும், ஆடிட்டரைப் பார்க்கும்போதும் அவரைக் கூட்டிப்போங்கள். கணக்கு, காவல், கரை மூன்றிலும் யாருக்கு எது தெரியும் என்று அவருக்கே தெரிந்துவிடும். ஜூனில் ஒரு தகரப்பெட்டியைக் கொடுங்கள்: பதிவுச் சான்று, கடித நகல்கள், காசோலைப் புத்தகம், மூன்று சாவி, கம்பி, எல்லா வருட நோட்டுகளும். அதன்பின் அவர் செய்வது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முதல் சீசனில் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் பெட்டி இப்போது ஒரு பள்ளி ஆசிரியையின் வீட்டில் இருக்கிறது. கல்லூரி இரண்டாம் வருடத்தில் முதல்முறை நடக்க வந்தவர். அவர் பெயர் எழுதிய முதல் கூடு மூன்றாவது நோட்டில் இருக்கிறது, 112 முட்டை. போன டிசம்பரில் அவர் அனுப்பிய அட்டவணையில் என் பெயர் செவ்வாய்க்கிழமை, 2 முதல் 6 வரை என்று இருந்தது. பக்கத்தில் இன்னொரு பெயர், புதியவர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: பிளாஸ்க், நீங்கள்.